பூமித்தாயை அள்ளிக்கொண்டு போன ஸ்பெஷல் பஸ்

கலைஞர்களுக்கு ஒரு நிரந்தரக் குறை உண்டு. தங்களைப் புரிந்துகொள்ள ஆளில்லை என்பார்கள். எனக்கு அந்தக் குறை கிடையாது. ஒரு பஸ் நிறைய ஆட்கள் ஒரே நாளில் என்னை முழுமையாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். புரிந்துகொண்ட கையோடு என் படைப்பை ஒரு பிடி மிச்சம் வைக்காமல் அள்ளிக்கொண்டும் போய்விட்டார்கள். அன்றிலிருந்து என் ஓவியத்தைப் பார்த்து யாராவது "ஒண்ணும் புரியல" என்று சொன்னால் எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருக்கிறது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நான் மெட்ராஸில் ஓவியக் கல்லூரியை முடித்துவிட்டு, செஞ்சியில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். நான் நன்றாக வரைவேன். இதை அடக்கமாகச் சொல்லும் வித்தை எனக்குக் கைவரவில்லை, அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். கையில் குறை இல்லை. தலையில்தான் கொஞ்சம் காற்று இருந்தது.

அந்தக் காற்றுக்குக் காரணம் கல்லூரி. அப்போது அங்கே எல்லோரும் வேர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். என் வகுப்பில் ஒருவன் வருடக்கணக்காக வட்டம் மட்டுமே போட்டான். கேட்டால் சூன்யம் என்பான். (மாதிரி பார்த்து ஆள் வரையும் பாடத்தில் அவன் வாங்கிய மார்க்கும் அதுதான்.) இன்னொருத்தி ஆலமரத்தைக் கட்டிப்பிடித்துக் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்துதான் பிரஷ்ஷைத் தொடுவாள். யந்திரம், சக்கரம், நாகம், தாமரை, கோபுரம் இவற்றில் ஒன்றாவது இல்லாத படத்தை ஆசிரியர்கள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். இயற்கை, ஆன்மிகம், பண்பாடு என்று மூன்று வார்த்தைகளை எந்த வரிசையில் மாற்றிப் போட்டுப் பேசினாலும் அது கலைக்கொள்கை ஆகிவிடும். நான் மூன்றையும் எல்லா வரிசையிலும் பேசுவேன்.

பெண் ஓவியர்களுக்கென்று ஒரு சீருடையும் இருந்தது. கைத்தறிப் புடவை, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, பின்னாத தலைமுடி. தலையைப் பின்னினால் கற்பனை முடங்கிவிடும் என்று யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, ஆனால் நாங்கள் எல்லோரும் நம்பினோம். செஞ்சி பஜாரில் நான் அப்படி நடந்து போனால் வளையல் கடைக்காரர் எழுந்து நிற்பார். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

நைனாவுக்கு இதெல்லாம் சுத்தமாகப் பிடிக்கவில்லை. எங்கள் நைனா வேர்க்கடலையும் நெல்லும் விளைவிக்கிறவர். படம் வரைவதை ஒரு வேலையாக அவரால் ஏற்றுக்கொள்ள முடிந்ததே இல்லை. அவர் பாட்டுக்குத் தரகர் மூலமாகத் திண்டிவனத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். பையனுக்கு சொந்தமாக சிமெண்ட் கடை. நல்ல பையன் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்குப் பையன் மேல் ஒரு வருத்தமும் இல்லை, சிமெண்ட் மேல்தான்.

இரண்டு வீட்டாரும் இன்னும் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. என் போட்டோ மட்டும் போயிருந்தது. பஜாரில் ஸ்டூடியோ வைத்திருந்த கரீம் பாய் எடுத்தது. தலையை வழித்துப் பின்னி, ஜிமிக்கி மாட்டி, பக்கத்தில் காகிதப் பூச்சாடி வைத்து எடுத்தார். அதன்பிறகு பிரஷ்ஷால் தொட்டுத் தொட்டு, நான் இதுவரை சந்தித்தே இராத ஒரு சாதுப் பெண்ணை அதில் உருவாக்கிவிட்டார். என்னைவிடப் பெரிய கலைஞர் அவர்.

இந்த நேரத்தில்தான் மெட்ராஸிலிருந்து லீலா மேடத்தின் செய்தி வந்தது. லீலா மேடம் ஒரு ஓவியக் கூடம் நடத்திக்கொண்டிருந்தார். மண் சார்ந்து, மரபு சார்ந்து வேலை செய்யும் இளம் கலைஞர்கள் சிலரைத் தேர்ந்தெடுத்து டெல்லியில் ஒரு காட்சி வைக்கப் போகிறார். தேர்வானால், மெட்ராஸில் ஒரு வருடம் தங்கி வேலை செய்ய இடமும் உண்டு. மாசி அமாவாசைக்கு மேல்மலையனூர் திருவிழா பார்க்க வருகிறாராம். போகிற வழியில் என் வேலையைப் பார்ப்பாராம்.

நைனாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் வரப்பில் உட்கார்ந்து காலில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

"அந்தம்மா உன்ன எடுத்துக்கினா?"

"மெட்ராஸ் போவேன்."

"எடுத்துக்கலன்னா?"

"எடுத்துக்குவாங்க."

"அத்த வுடு. எடுத்துக்கலன்னா திண்டிவனத்துக்கு நாள் குறிச்சிருவேன். அப்பறம் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு மூலையில குந்தக் கூடாது. இன்னா?"

"நாள் குறிக்கிற வேலையே உனக்கு வராது நைனா," என்றேன். அந்த வயதில் நான் எதற்கும் வேறு மாதிரி பதில் சொன்னதாக நினைவில்லை.

இப்போது மயானக் கொள்ளை பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் மாசி அமாவாசைக்கு நடப்பது. சுடுகாட்டில் மண்ணாலும் சாம்பலாலும் அம்மனைப் படுத்த கோலத்தில் செய்வார்கள். மேலே வேகவைத்த தானியம், காய்கறி, கொழுக்கட்டை எல்லாம் குவிப்பார்கள். பம்பை முழங்கப் பூஜை நடக்கும். முடிந்ததும் கூட்டம் பாய்ந்து அள்ளும். அந்த மண்ணில் ஒரு பிடி நிலத்தில் தூவினால் விளைச்சல், வீட்டில் வைத்தால் காவல். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் இது பெரிய அளவில் நடக்கும். எந்தெந்த ஊரிலிருந்தோ ஸ்பெஷல் பஸ் விடுவார்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அதனால்தான் அதையே எடுத்து நவீன கலையாக்கலாம் என்று தோன்றியது. மேல்மலையனூர் போகும் ரோட்டை ஒட்டி எங்கள் நிலம். அறுவடை முடிந்து வெறும் நெல்தாளாகக் கிடந்தது. தூரத்தில் கோட்டை மலைகள். மலைகளின் வரிசைக்கு இணையாக மண்ணில் ஒரு பிரம்மாண்டமான பெண்ணைப் படுக்க வைப்பேன். பூமித்தாய். 'பூமி, உடல், பிரக்ஞை' என்று பெயரும் வைத்துவிட்டேன். செய்கிற இடம் சுடுகாடு இல்லையே, நம் கழனிதானே, யார் குழம்பப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

அம்மனுக்கு, மன்னிக்கவும், சிற்பத்துக்குப் புற்று மண் எடுத்து வந்தேன். (அதன் நயம் வேறு மண்ணில் வராது.) புடவை மடிப்புக்குக் கேழ்வரகும் கொள்ளும் கம்பும் வரிவரியாக. விரல்களுக்கு முருங்கைக்காய். வயிற்றுக்கு வீட்டிலிருந்த பெரிய பரங்கிக்காய். கண்ணுக்குக் கொட்டாங்கச்சியில் சுண்ணாம்பு தடவி நடுவில் கரி. உடம்பெல்லாம் மஞ்சள். கழுத்தில் எலுமிச்சம்பழ வரிசை, நிறத்துக்காக. (சத்தியமாக நிறத்துக்காகத்தான்.) முடித்துவிட்டுத் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு நடந்து பார்த்தேன், மூச்சு வாங்கியது. இன்றைக்கும் சொல்கிறேன், அது நல்ல வேலை. அதைவிட நல்ல வேலை நான் பிறகு செய்ய நிறைய நாளாயிற்று.

அமாவாசையன்று விடியற்காலையிலேயே நைனா மேல்மலையனூருக்குக் கிளம்பிப் போய்விட்டார். நான் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈர முடியை விரித்துவிட்டு, அம்மாவின் பழைய மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு, வழக்கத்தைவிடப் பெரிய பொட்டு வைத்துக்கொண்டு கழனிக்குப் போனேன். கலைஞரும் படைப்பும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்பது என் திட்டம். ஒன்றும் சாப்பிடவில்லை. படைப்பின் பக்கத்தில் நிற்கும்போது வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பது அந்த ஆலமரத்துக்காரியின் கொள்கை. போட்டோ எடுக்கக் கரீம் பாயை வரச் சொல்லியிருந்தேன். "ஒரு ரோல் முழுக்க எடுக்கணும் பாய், டெல்லிக்குப் போவுது," என்று இரண்டு தடவை சொல்லியிருந்தேன்.

லீலா மேடமும் வரவில்லை, பாயும் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. அப்போதுதான் எங்கள் கழனிக்கு நேராக ஒரு ஸ்பெஷல் பஸ் புகை விட்டுக்கொண்டு நின்றது.

திண்டிவனத்திலிருந்து வந்த பஸ். உள்ளே நிற்க இடமில்லை, மேலே கூடைகள். கண்டக்டர் ஒரு பிளாஸ்டிக் குடத்தை எடுத்துக்கொண்டு எங்கள் பம்ப் செட்டுக்கு ஓடி வந்தார். பின்னாலேயே ஜனம் இறங்கியது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தும் இன்ஜின் முனகவில்லை.

"வேற பஸ் எப்பய்யா வரும்?" என்று ஒருத்தர் கேட்டார்.

"சொல்லி அனுப்பணும். சாயங்காலம் ஆவும்."

"அதுக்குள்ள கொள்ள முடிஞ்சிருமே!"

பஸ்ஸே ஒரு குரலில் பெருமூச்சு விட்டது. வருடம் முழுக்க நேர்ந்துகொண்டு, கொழுக்கட்டையும் தானியமும் வேகவைத்து எடுத்துக்கொண்டு கிளம்பியவர்கள். இப்படிப் பாதி வழியில் நின்றால் யாருக்குத்தான் பொறுக்கும். எனக்கே பாவமாக இருந்தது.

தண்ணீர் குடிக்க வந்தவர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். பிறகு இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் என் சிற்பத்தைச் சுற்றி வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

என் முதல் பார்வையாளர்கள்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. முன்னால் போய் நின்று விளக்க ஆரம்பித்தேன். "இது பூமித்தாய். மண்ணும் பெண்ணும் ஒண்ணு. நமக்குச் சோறு போடுறது இவதான். இவ தூங்குறா மாதிரி தெரியும், ஆனா முழிச்சிக்கினுதான் இருக்கா."

கல்லூரியில் இதையே சொன்னபோது பேராசிரியர் கொட்டாவி விட்டார். இவர்கள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஆமா, ஆமா" என்றார்கள். ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றினார். எல்லோரும் கழற்றினார்கள். டெல்லியில் எந்த ரசிகன் செருப்பைக் கழற்றுவான்? எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஒரு பெண் சூடம் ஏற்றினாள். நெருப்பும் பஞ்சபூதத்தில் ஒன்றுதானே என்று விட்டுவிட்டேன். இன்னொரு பெண் கூடையிலிருந்து கொழுக்கட்டைகளை எடுத்துச் சிற்பத்தின் தோள் பக்கம் குவித்தாள். அதற்கும் நான் தடை சொல்லவில்லை. "கொஞ்சம் எடது பக்கமா வைங்க, பேலன்ஸ் போவுது," என்றேன். அவளும் பயபக்தியோடு நகர்த்தி வைத்தாள். கூடை கூடையாக வந்து கொட்டினார்கள். நான் நடுவில் நின்று இங்கே வை, அங்கே வை என்று கை காட்டிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால், பூசாரி செய்யும் வேலையில் நான் ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை.

பஸ்ஸில் ஒரு பம்பைக்காரர் வந்திருந்தார். அவர் பம்பையை எடுத்து இடுப்பில் கட்டினார். அப்போதுதான் இது எங்கே போய் முடியும் என்று எனக்கு உறைத்தது.

"ஆத்தா நமக்காக வழியில வந்து படுத்துக்கினு இருக்காடா!" என்று யாரோ கத்தினார்கள்.

பம்பை முழங்கியது. அடுத்த மூச்சில் மொத்தக் கூட்டமும் பாய்ந்தது.

அதை எப்படிச் சொல்வது? முருங்கைக்காய் விரல்கள் முதலில் போயின. அப்புறம் எலுமிச்சை வரிசை. புடவை மடிப்பை முந்தானையில் வாரினார்கள். கண்டக்டர் காக்கிச் சட்டையின் பையில் மூக்கைப் போட்டுக்கொண்டதை என் கண்ணால் பார்த்தேன். நாள் கணக்கில் பிசைந்து பிசைந்து செய்த முகம் அது.

நான் அலறிக்கொண்டு நடுவில் குதித்தேன். "தொடாதீங்க! யாரும் தொடாதீங்க! இது என்னுது!"

தலைவிரி கோலம். மஞ்சள் புடவை. நெற்றி நிறையக் குங்குமம். காலையிலிருந்து பட்டினி, வெயில், கோபம் எல்லாம் சேர்ந்து கைகால் வெடவெடவென்று நடுங்குகிறது. அம்மன் படுத்த இடத்தில் நின்றுகொண்டு "இது என்னுது" என்கிறேன். வேறு என்ன நினைப்பார்கள்? பெண்கள் குலவையிட்டார்கள். இரண்டு பேர் என்னைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்தார்கள். ஒருத்தி என் கையில் வேப்பிலைக் கொத்தைத் திணித்தாள். ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் தலையில் இறங்கியது.

"நான் சாமி இல்ல! ஆர்ட்டிஸ்ட்!" என்று கத்தினேன். பம்பைச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை.

கத்தக் கத்த அவர்கள் பக்தி கூடியது. ஓய்ந்துபோய், பூமித்தாயின் இடுப்பு இருந்த பள்ளத்தில் தொப்பென்று உட்கார்ந்தேன். உடனே எதிரில் வரிசை நின்றுவிட்டது. முதலில் வந்தவர் மாடு தொலைத்தவர்.

"ஆத்தா, எம் பசுமாடு காணாமப் போச்சி. கெடைக்குமா?"

"போய்த் தேடு!" என்று சீறினேன்.

"ஆத்தா தேடச் சொல்லிட்டா!" அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

அடுத்தவருக்கு நிலத்தகராறில் கேஸ். "எனக்கெப்படித் தெரியும்?" என்றேன். பம்பைக்காரர் குறுக்கே புகுந்தார். "ஆத்தா கோவமா இருக்கா. நீ நேர்ந்துக்கினத செய்யல போல கீது. போய் மொதல்ல அத்த செய்யி." கேஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டு, போன வருடமே ஒரு கோழி பாக்கி என்று ஒப்புக்கொண்டார். இன்னும் யார் யாரோ வந்தார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன். எல்லாமே அவர்களுக்குப் பொருந்தியது.

இதற்கு நடுவில் எங்கள் அம்மா எனக்குச் சோறு எடுத்துக்கொண்டு வந்தாள். மகள் மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்டக் குறி சொல்லிக்கொண்டிருப்பதை அவள் கவனிக்கவில்லை. அவள் கண்ணில் பட்டது வேறு. ஒருத்தர் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு போன பரங்கிக்காய்.

"யோவ்! எங்கூட்டுப் பரங்கிக்கா!" தூக்குவாளியை வரப்பில் வைத்துவிட்டு அவர் பின்னால் ஓடினாள். "வித்துக்கு எடுத்து வெச்சது!"

"சாமி சொத்தும்மா!"

"எந்த சாமி? எங்கூட்டுக் கூரையில காய்ச்சது!" பிடுங்கிவிட்டுத்தான் திரும்பினாள். அன்றைய கொள்ளையில் என் பக்கத்தில் மீந்தது அது ஒன்றுதான்.

அப்போது ஒரு அம்மாள் என் முன்னால் வந்து, வெறும் மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பட்டுப் புடவை, கழுத்தில் கனமான சங்கிலி. வசதியான வீடு. எழுந்து கைகூப்பினார்.

"ஆத்தா, திண்டிவனத்துல எங்களுக்கு சிமெண்ட் கட. எம் பையனுக்கு செஞ்சியில ஒரு பொண்ணு பேசிக்கினு இருக்கோம். படம் போடுற பொண்ணாம். போட்டோவுல பாக்க சாதுவாத்தான் கீது. முடிக்கலாமா ஆத்தா?"

எனக்கு நடுக்கம் சட்டென்று நின்றுவிட்டது. அந்த அம்மாள் என்னை உற்றுத்தான் பார்த்தார். கரீம் பாய் கைவண்ணத்தில் உருவான சாதுப் பெண்ணுக்கும் எனக்கும் ஒரு தொடர்பும் இருக்க முடியாது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

நேர்மையான பெண்ணாக இருந்தால் "நான்தாம்மா அது" என்று சொல்லியிருப்பாள். நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. வேப்பிலையை இறுக்கிப் பிடித்தேன்.

"வேணாம்!"

"ஆத்தா?"

"அந்தப் பொண்ணு வேணாம்! வூட்டுக்கு அடங்க மாட்டா!"

அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் என் வாதம். அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "காப்பாத்திட்ட ஆத்தா!" என்று கண் கலங்கினார். அப்போது பக்கத்தில் கிளிக் என்று ஒரு சத்தம்.

கரீம் பாய். மொபெட்டை ஓரமாக நிறுத்திவிட்டு, காமிராவோடு குனிந்து நின்றார். அந்த அம்மாள்தான் ஒரு போட்டோ வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவரைப் பார்த்து எல்லோரும் வந்துவிட்டார்கள். குடும்பம் குடும்பமாக என் இரண்டு பக்கமும் நின்றார்கள். பாய் என் முகவாயைத் தொட்டு, "கொஞ்சம் இப்பிடித் திரும்பும்மா, வெளிச்சம் வரட்டும்," என்றார். நான் திரும்பினேன். எதிர்க்கத் தெம்பு இல்லை.

ரோட்டில் பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு வெள்ளை அம்பாசடர் வெகுநேரமாக ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். அதிலிருந்து இறங்கிக் கறுப்புக் கண்ணாடியோடு வரப்பில் தடுமாறித் தடுமாறி நடந்து வந்தார் லீலா மேடம். என்னைப் பார்த்தார். சுற்றிக் கிடந்த குண்டு குழிகளையும் பார்த்தார்.

"மல்லிகா?"

"ஆமா மேடம்."

"எங்கம்மா உன் வொர்க்?"

வரப்பில் மண்ணை முந்தானையிலும் துண்டிலும் முடிந்துகொண்டு பஸ்ஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த கூட்டத்தைக் காட்டினேன். "அதோ போவுது மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அதற்குள் அவருடைய டிரைவரும் ஒரு கைக்குட்டை நிறைய மண் எடுத்து முடிந்துகொண்டிருந்தார். மேடம் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. "இதுல நான் டெல்லிக்கு எதைத் தூக்கிட்டுப் போறது?" என்று மட்டும் கேட்டார். "போட்டோவாவது இருக்கா?"

"இருக்கு மேடம்! ஒரு ரோல்!" என்றேன். பிறகு பாயைப் பார்த்தேன். பாய் காமிராவை மூடிக்கொண்டே சொன்னார்: "ரோல் முடிஞ்சி போச்சிம்மா. நீதான சொன்ன, முழுக்க எடுக்கணும்னு."

சிற்பத்தை அவர் எடுக்கவே இல்லை. அவர் வந்தபோது எடுக்க அது இல்லை. ரோல் முழுக்க நான்தான். ஒவ்வொரு படத்திலும் நடுவில் நான், வேப்பிலையோடு, வாயைத் திறந்தபடி. இரண்டு பக்கமும் வெவ்வேறு குடும்பங்கள். எல்லோரும் விலாசம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மேடம் காரில் ஏறிப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து, "சாப்புடு மொதல்ல," என்றாள். அழுதுகொண்டே சாப்பிட்டேன். நைனாவிடம் போட்ட பந்தயத்தில் தோற்றுவிட்டேன், இனி திண்டிவனம்தான் என்று முடிவே செய்துவிட்டேன். குறி சொன்னதெல்லாம் அந்த நேரத்துக் கோபம். அதை ஒரு பெரிய மனுஷி வீடு போன பிறகும் நிஜமாக எடுத்துக்கொள்வாள் என்று நான் நம்பவில்லை. வீட்டில் சாயங்காலம் அந்தப் பரங்கிக்காயில் சாம்பார். என் சிற்பத்தின் வயிற்றை நான் இரண்டு முறை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

நைனா மேல்மலையனூரிலிருந்து கை நிறைய மண்ணோடு திரும்பினார். மேடம் வந்தார்களா என்று கேட்டார். வந்தார்கள், ஒத்துவரவில்லை என்று சொன்னேன். அவர் காலண்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் நாள் குறிப்பதற்குள் தரகர் வந்து, திண்டிவனத்துக்காரர்கள் வேண்டாம் என்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். காரணம் சொல்லவில்லை. நைனாவுக்கு ரோஷம். என் பெண்ணுக்கு என்ன குறை என்று நேரிலேயே கேட்டுவிடுகிறேன் என்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். போனபோது இருந்த வேகம் திரும்பியபோது இல்லை. வந்து உட்கார்ந்தார். நெற்றியில் பட்டையாகத் திருநீறு.

"அவங்க வூட்டு சாமி ரூம்ல இவ போட்டோ மாட்டிக்கீது," என்றார் அம்மாவிடம்.

"நாம அனுப்பினதா? அத்த ஏன் சாமி ரூம்ல மாட்டினாங்க?"

"அது இல்ல. இது வேற. வேப்பிலையும் கையுமா கீறா. பாய் பெருசு பண்ணி, கலர் தொட்டுக் குடுத்தாராம். மால போட்டு, குங்குமம் வெச்சி, எதிர்ல வெளக்கு எரியிது. அந்தம்மா என் கண்ணு முன்னால கன்னத்துல போட்டுக்குது. 'இந்த ஆத்தா வாக்குலதான் உங்க பொண்ணு வேணாம்னு வந்துச்சி, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க'ன்னு என்னாண்டயே சொல்லுது."

அம்மாவுக்கு அந்த மாலைதான் உறுத்தியது. உசிரோடு இருக்கிற பிள்ளையின் படத்துக்கு மாலையா என்று முனகினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "நீ இன்னா சொன்ன?"

"இன்னாத்த சொல்றது? துண்ணூறு குடுத்துது. இட்டுக்கினு வந்துட்டேன்."

நான் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தது. அவர் என்னை அடிப்பார் என்றுதான் நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. இரண்டு மூன்று இடங்களில் வேறு மாப்பிள்ளை பார்த்தார். ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருத்தர் அந்த பஸ்ஸில் வந்தவராகவோ, வந்தவருக்குச் சொந்தமாகவோ இருந்தார். ஒரு வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள், காபித் தட்டோடு நான் வெளியே வந்ததும் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மாப்பிள்ளைப் பையன் காபியை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

அவர்கள் போனபிறகு நைனா வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது, கொஞ்சம் சிரிப்பும் இருந்ததோ என்று இன்றுவரை எனக்கு சந்தேகம்.

"நீ மெட்ராஸுக்கே போயிரு மல்லிகா," என்றார். "அங்கயாவது மனுசியா இரு."

அப்படித்தான் நான் மெட்ராஸ் போனேன். துணிக்கு டிசைன் போட்டுப் பிழைத்துக்கொண்டே வரைந்தேன். பிறகு டெல்லிக்கும் போனேன், அதைவிடத் தூரமும் போனேன். லீலா மேடத்தின் கூடத்திலேயே என் படங்கள் தொங்கின. எல்லாம் கான்வாஸ்தான். கல்யாணமும் நடந்தது, மாப்பிள்ளை தென்காசிக்காரர். எங்கள் ஊர்ச் செய்தி எட்டாத தூரமாகப் பார்த்துத்தான் பிடித்தேன். ஆனால் செஞ்சிக்கு முதன்முதலாக விருந்துக்கு வந்த அன்றே அம்மா சாப்பாடு பரிமாறிக்கொண்டே அவருக்கு மொத்தக் கதையையும் சொல்லிவிட்டாள், பரங்கிக்காய் பகுதியை மட்டும் கொஞ்சம் நீட்டி.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் குரலை உயர்த்த முடிவதில்லை. உயர்த்தினால், என் கணவர் எழுந்து தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். கைகூப்பி, வாயைப் பொத்தி, "உத்தரவு ஆத்தா," என்பார். பின்னால் என் மகள் சாப்பாட்டு மேசையில் பம்பை அடிப்பாள். இத்தனை வருடத்தில் ஒரு சண்டையைக்கூட நான் முழுதாகப் போட்டு முடித்ததில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சிரித்து முடித்துவிட்டு, நான் சொன்னதைத்தான் செய்கிறார்கள்.